பாலைவனப் பந்தயத்துல பைக் கம்பெனிகள் ஏன் காசு போடுறாங்க?

காரியாபட்டியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அண்ணே, டக்கார் ராலியில நம்ம நாட்டுக் கம்பெனிங்க பணத்தைக் கொட்டுறாங்களே. மழை பெஞ்சா கரிசல் மண்ணு சக்கரத்துல அப்பிக்கிற ஊர்ல ஓட்டுற எனக்கு அதனால என்ன லாபம்?" நியாயமான கேள்வி.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. ஹீரோ 1984-லிருந்து ஹோண்டாவோட கூட்டு. ஓசூர் டிவிஎஸ் சுசுகியோட கூட்டு. டிவிஎஸ் 2001-ல் பிரிந்தது. ஹீரோ 2010 டிசம்பரில் பிரிய முடிவெடுத்தது. அப்போ எழுந்த கேள்வி: ஜப்பான்காரங்க இல்லாம இவங்களுக்குச் சொந்தமா வண்டி செய்ய வருமா? விளம்பரத்தால இதுக்குப் பதில் சொல்ல முடியாது. பந்தயத்தால முடியும்.

டக்கார் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஓடும். மணல், பாறை, சூடு. ஏர் ஃபில்டர் அடைக்கும், சஸ்பென்ஷன் உடையும். கடையில பல வருஷம் கழிச்சுத் தெரியவேண்டிய பலவீனம் அங்கே ஒரே நாள்ல தெரிஞ்சிடும். அதைச் சரிசெய்யக் கத்துக்கிற இன்ஜினியர்கள்தான் கம்பெனிக்குக் கிடைக்கிற முதல் லாபம்.

இரண்டாவது, வெளிநாட்டுச் சந்தை. ஹோண்டாவோட இருந்தவரை ஹீரோவுக்கு ஏற்றுமதியில கட்டுப்பாடு இருந்தது. பிரிஞ்ச பிறகு கொலம்பியாவுல தொழிற்சாலை போட்டாங்க. 2017-ல் முதன்முதலா டக்காருக்குப் போனாங்க. அப்போ அது தென் அமெரிக்காவுல நடந்தது. தெரியாத பேருக்கு அது ஒரு அறிமுகச் சீட்டு. 2024-ல் ரோஸ் பிராஞ்ச் ஹீரோவுக்கு இரண்டாமிடம் வாங்கித் தந்தார். அதே வருஷம் கேரளத்து ஹரித் நோவா, ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ராலி-2 பிரிவை ஜெயித்தார்.

இதுக்கு விலையும் உண்டு. 2020-ல் ஹீரோ அணியின் பாவ்லோ கோன்சால்வெஸ் பந்தயத்திலேயே இறந்துபோனார்.

இப்போ நேயருக்கு வர்றேன். டக்காரில் ஓடுற 450 சிசி வண்டி ஷோரூம்ல இருக்கிற வண்டி இல்லை. ஆனா 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200, தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரம். அந்த மாதிரி வண்டியை விக்கிற தைரியமும் பேரும் பந்தயத்துல வந்தது.

அதனால கோப்பையைப் பார்த்து வாங்காதீங்க. வண்டியை எடுத்து உங்க ஊர் வண்டிப்பாதையில ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. மீண்டும் சந்திப்போம்.