ரந்தெனிவெலயும் லிட்டில் பிக்ஹோர்னும்: போர்க்களம் வானலையில் ஏறும்போது

வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலயில் 1630 ஆகஸ்ட் 25ஆம் திகதி ஒரு பெரும்படை சிதறி அழிந்தது. அதை நடத்தி வந்தவர் இலங்கையில் போர்த்துக்கேயரின் கப்டன் ஜெனரலாக இருந்த கொன்ஸ்தந்தீனு த சா த நொரோஞ்ஞா. அவரும் அந்தக் களத்திலேயே கொல்லப்பட்டார். கண்டி இராச்சியத்துக்கும் போர்த்துக்கேயர் கைக்கொண்டிருந்த தாழ்நிலத்துக்கும் இடைப்பட்ட எல்லையில் பல சண்டைகள் நடந்திருக்கின்றன. அவற்றில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை 1594இன் தந்துறையும் 1638இன் கன்னொருவையும்தான்.

அந்த இடம் இன்று மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. 1959இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை பதுளையின் கீழ் இருந்த மண் இது. எல்லவிலிருந்து இறங்கும் வீதி, கொஸ்லாந்தையிலிருந்து தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி வரும் வீதி, மொனராகலை வீதி, தெற்கே திஸ்ஸமகாராமைப் பக்கம் போகும் வீதி ஆகிய நான்கும் வெல்லவாயவில் கூடுகின்றன. கொஸ்லாந்தை, பூனாகலைத் தோட்டங்களின் மக்கள் சந்தைக்கும் பஸ் மாறவும் இறங்கிவரும் நகரம் அது. மலை முடிந்து சமவெளி தொடங்கும் அந்த முனைதான் 1630இல் ஒரு படையின் கதையை முடித்தது.

தமிழ் வாசகர்களுக்குக் கொன்ஸ்தந்தீனு த சா புதியவர் அல்லர். பெயரைத்தான் பலர் மறந்திருப்பார்கள். அவருடைய முதல் பதவிக்காலத்தில்தான், 1619இல், பிலிப் த ஒலிவேரா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிச் சங்கிலி மன்னனைச் சிறைபிடித்தான். அரசன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே மரணதண்டனைக்கு உள்ளானான். திருகோணமலையில் திருக்கோணேஸ்வரத்தை இடித்து, அந்தக் கற்களையே கொண்டு 1624இல் கோட்டை எழுப்பியதும் இதே கொன்ஸ்தந்தீனு த சாவின் ஆட்சிதான். 1628இல் மட்டக்களப்பிலும் ஒரு கோட்டை எழுந்தது. கிழக்குக் கரையின் இரு துறைமுகங்களும் அடைபட்டதும் கண்டிக்குக் கடல்வழி இல்லாமற் போனது. வெளியிலிருந்து ஆயுதமோ நட்போ தேடும் வாசல் மூடப்பட்டது. ரந்தெனிவெலப் போரின் வேர் கோணேசர் மலையில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகை ஆகாது.

அப்போது கண்டியை ஆண்டவன் செனரத் மன்னன். இளவரசன் குமாரசிங்கன் ஊவாவையும், விஜயபாலன் மாத்தளையையும் பொறுப்பேற்றிருந்தார்கள். மூன்றாமவனான மகா அஸ்தானன் பின்னாளில் இரண்டாம் இராஜசிங்கனாக முடிசூடியவன். 1629இல் த சா கண்டி நகருக்குள் புகுந்து தீயிட்டுத் திரும்பினார். அது போதாதென்று கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதி லின்யாரெஸ் பிரபு கருதினார். போரைவிட வணிகத்தில்தான் த சாவுக்கு நாட்டம் என்று குத்திக்காட்டி அவர் கடிதம் எழுதியதாகப் போர்த்துக்கேய ஏடுகள் பதிந்திருக்கின்றன. மானம் மிகுந்த ஒரு தளபதிக்கு அந்தக் கடிதம் எப்படி உறைத்திருக்கும் என்பதை அடுத்து நடந்தது காட்டுகிறது. 1630இல் அவர் ஊவாவுக்குள் படையெடுத்தார்.

படையில் போர்த்துக்கேயர் சில நூறு பேர்தான். மற்றவர்கள் லஸ்கரின்கள். தாழ்நாட்டுச் சிங்களக் குடிகளான அவர்கள், நிலத்துக்குக் கைம்மாறாகப் போர்ச்சேவை செய்யக் கடமைப்பட்டவர்கள். அவர்களுடைய தொகையை 13,000 வரை சொல்வார்கள். டொம் கொஸ்மு, டொம் தியோதோசியு, டொம் அலெய்சு, டொம் பல்தசார் என்ற ஞானஸ்நானப் பெயர் பூண்ட நான்கு முதலியார்கள் அவர்களை வழிநடத்தினர். நால்வரும் கண்டியோடு இரகசியமாகப் பேசி முடித்திருந்தார்கள். எச்சரிக்கைகள் த சாவின் காதுக்கு வந்தும் அவர் நம்பவில்லை.

பதுளையை அடைந்த படை நகரைக் கொள்ளையிட்டு எரித்தது. எதிர்ப்பு பெரிதாக இல்லை. அதுவே ஆபத்தின் அறிகுறி என்பதை உணர்ந்தபோது பின்வாங்கும் வழி மட்டுமே மிஞ்சியிருந்தது. படை தெற்கே வெல்லவாயப் பக்கம் இறங்கிவரும்போது கண்டிப் படைகள் சூழ்ந்துகொண்டன. போர்த்துக்கேயன் ஒருவனின் தலையை வெட்டி ஈட்டியில் உயர்த்தி டொம் கொஸ்மு சைகை காட்டியதும் லஸ்கரின்கள் பெருந்திரளாக எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததாகப் போர்த்துக்கேயர் எழுதினார்கள்.

அதன்பின் மழை. ஆகஸ்ட் ஊவாவில் கச்சான் வீசும் வறட்டுக் காலம். ஆனாலும் அந்த நாளில் மழை கொட்டியது. அக்காலத் துப்பாக்கியை நினைத்துப் பார்த்தால் அந்த மழையின் கனம் புரியும். வெடியுப்பில் ஊறவைத்த கயிற்றுத் திரி ஒன்று எப்போதும் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். விசையை இழுத்தால் அந்தக் கனல் நுனி கிண்ணியிலுள்ள மருந்தில் போய்ப் படும். குழாயிலுள்ள வெடிமருந்து பற்றும். ஒரு நுனி அணைந்தால் மறுநுனியிலிருந்து பற்றவைத்துக்கொள்ள, இரு நுனியிலும் நெருப்பு வைத்திருப்பது வழக்கம். சாம்பலை ஊதி ஊதிக் கனலைக் காக்க வேண்டும். அடைமழையில் திரியும் அணையும், கிண்ணி மருந்தும் கூழாகும். துப்பாக்கி வெறும் தடியாகிவிட, வில்லும் ஈட்டியும் ஏந்தியவர்கள் கை ஓங்கிவிடும். அன்று அதுதான் நடந்தது. தப்பிச்செல்லும்படி வற்புறுத்தியபோதும் தன் ஆட்களைக் கைவிட த சா மறுத்தார். அவருடைய தலையை ஒரு முரசின்மேல் வைத்து, ஓடையில் நீராடிக்கொண்டிருந்த இளவரசன் மகா அஸ்தானனிடம் கொண்டுபோனார்கள் என்ற செய்தியும் நிலைத்திருக்கிறது.

வெற்றி பெற்ற படை கொழும்பு வரை சென்று முற்றுகையிட்டது. கொழும்பு விழவில்லை. 1631இல் டொம் ஜோர்ஜ் த அல்மெய்தா புதிய படையோடு வந்து போர்த்துக்கேயரின் பிடியை ஓரளவு மீட்டார். ஆனால் இழந்த நம்பிக்கை மீளவில்லை. 1638இல் கன்னொருவையில் இன்னொரு படை அழிந்தது. அதே ஆண்டு ஒல்லாந்தர் மட்டக்களப்பைப் பிடித்தனர். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின.

இந்தப் போரை முதலில் எழுதியவர்கள் தோற்ற பக்கத்தார். கொன்ஸ்தந்தீனு த சாவின் மகன் ஜொவாவ் ரொத்ரீகஸ் த சா எ மெனேசஸ் தந்தையின் புகழைக் காக்க எழுதிய நூல் 1681இல் லிஸ்பனில் அச்சேறியது. யேசுசபைத் துறவி பெர்னாவ் த கேய்ரோஸ் கோவாவிலிருந்து எழுதிய பெருநூல் 1687இல் முடிந்து, 1916இல்தான் கொழும்பில் முழுதாக அச்சானது. 1930இல் எஸ்.ஜி. பெரேரா அடிகள் அதை ஆங்கிலமாக்கினார். இந்த நூல்களில் த சா வஞ்சிக்கப்பட்ட வீரர், முதலியார்கள் துரோகிகள். சிங்களத்தில் ஹட்டன என்னும் போர்ப்பாடல் மரபு வேறு பக்கம் நின்று பாடுகிறது. அங்கேயும் ஒரு மடிப்பு உண்டு. த சா தொடக்கத்தில் ஈட்டிய வெற்றியைப் புகழும் ‘குஸ்தந்தீனு ஹட்டன’ சிங்களத்தில்தான் எழுந்தது. கிறிஸ்தவம் தழுவிய புலவர் அலகியவன்னவின் படைப்பென்று அதைக் கருதுவர். பிற்பட்ட ஹட்டனகளோ இராஜசிங்கனின் வெற்றிகளைக் கொண்டாடுகின்றன. ஒரே மொழி இரு அரசவைகளுக்கும் பாடியிருக்கிறது.

ஒரே போரை இரு பக்கமும் வேறு வேறாகச் சொல்லும் இதே நிலை அமெரிக்காவிலும் உண்டு; அங்கே அந்த இழுபறி வானலைகளின் காலம்வரை தொடர்ந்தது. 1876 ஜூன் 25ஆம் திகதி மொன்டானாவில் லிட்டில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில், ஜோர்ஜ் ஆம்ஸ்ட்ரோங் கஸ்டரும் அவரோடு நேரடியாகச் சென்ற இருநூற்றுச் சொச்சம் குதிரைப்படையினரும் லகோட்டா, செயன், அரபாஹோ வீரர்களால் கொல்லப்பட்டார்கள். கஸ்டரின் மனைவி எலிசபெத் 1933 வரை வாழ்ந்து, மூன்று நூல்கள் எழுதி, கணவரின் பெயருக்குக் களங்கம் வராமல் காத்தார். லிஸ்பனில் மகன் செய்ததை அங்கே மனைவி செய்தார். தோற்ற தளபதிக்காக நேசமுள்ள ஒருவர் எழுதிவிட்டால் அடுத்த பல தலைமுறைகளுக்கு அதுவே கதையாகிவிடுகிறது. இந்த இரண்டு போர்களுக்கும் உள்ள மெய்யான ஒற்றுமை அதுதான்.

தொலைக்காட்சியும் முதலில் தோற்றவரை வீரராக்கும் அந்தப் போக்கையே தொடர்ந்தது. அலமோ கோட்டைப் போரை வைத்து டிஸ்னி 1955 பெப்ரவரியில் ஒளிபரப்பிய டேவி குரொக்கெட் நிகழ்ச்சி பிள்ளைகளைப் பித்தாக்கியது. 1967இல் ஏபிசி நிறுவனம் ‘கஸ்டர்’ என்ற தொடரைத் தொடங்கியபோது காலம் மாறியிருந்தது. பூர்வகுடி அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 17 பகுதிகளோடு தொடர் நின்றது. 1991இல் அதே நிறுவனம் ‘சன் ஒஃப் த மோர்னிங் ஸ்டார்’ குறுந்தொடரை ஒளிபரப்பியது. இம்முறை கதையைச் சொன்னவர்கள் இரண்டு பெண்கள்: ஒருவர் எலிசபெத் கஸ்டர், மற்றவர் செயன் இனத்துக் கேட் பிக்ஹெட். 1992இல் பிபிஎஸ் ஒளிபரப்பிய ஆவணப்படம் இன்னும் முன்னே போனது. அதை எழுதியவர்களில் ஒருவர் பூர்வகுடி நாவலாசிரியர் ஜேம்ஸ் வெல்ச். பின்னணிக் குரல் கொடுத்தவர் கியோவா இன எழுத்தாளர் ஸ்கொட் மொமடே.

இந்த மாற்றத்துக்கு நிலமும் துணைநின்றது. 1983இல் புல்வெளித் தீ அந்தக் களத்தை வெளியாக்கியது. அதன்பின் நடந்த அகழ்வில் கிடைத்த வெற்றுத் தோட்டாக் கூடுகளைக் கொண்டு யார் எங்கே நின்று சுட்டார்கள், எப்படி நகர்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் வரைந்து காட்டினார்கள். போரில் நின்ற ரெட் ஹோர்ஸ் என்னும் லகோட்டா வீரர் 1881இல் வரைந்த 42 சித்திரங்களும் சான்றாயின. 1991இல் அந்த நினைவிடத்தின் பெயரிலிருந்தே கஸ்டர் நீக்கப்பட்டார்.

ரந்தெனிவெலயை வானொலிக்கோ தொலைக்காட்சிக்கோ கொண்டுவருபவர்களுக்கு இந்த அனுபவம் உதவும். இலங்கையில் வானொலி 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும் வந்தன. 1980களில் மகாவலிக் குடியேற்றப் பகுதிகளில் சமூக வானொலி உருவானபோது, தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குப் போய் நாட்கணக்கில் தங்கி, ஊர் மக்களின் குரலையே நிகழ்ச்சியாக்கினார்கள். பதுளை மாவட்டத்துக் கிராந்துருக்கோட்டையில் 1986இல் அப்படி ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. கலையகத்தில் அமர்ந்து வாசிக்கும் வரலாற்றுரையைவிட ரந்தெனிவெலக்கு ஏற்றது இந்த முறைதான்.

தமிழில் இதைச் செய்வோர் சிங்களப் பிரதி ஒன்றை மொழிபெயர்த்து வாசித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். தமிழ் நேயருக்குக் கதை யாழ்ப்பாணத்து நல்லூரிலும் கோணேசர் மலையிலும் தொடங்க வேண்டும். ஊவாத் தோட்டங்களின் முன்னோர் கோப்பிக் காலத்தில், போருக்கு இரு நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் என்பது உண்மை. அதனால் தாம் நடக்கும் வழியில் நடந்தது அவர்களுக்கு அந்நியமாகிவிடாது. லயத்துப் பிள்ளைகள் பாடநூலில் ஒரு வரியாகப் படிக்கும் போர், அவர்கள் பஸ் மாறும் நகரத்துக்குப் பக்கத்தில் நடந்தது.

குரல்களைத் தேர்வதில்தான் உழைப்பு அதிகம். மகனின் நூல் தந்தைக்காக வாதாடுகிறது. கேய்ரோஸ் அடிகள் கோவாவில் இருந்தபடி எழுதினார். ஹட்டன புலவர்கள் அரசன் மகிழப் பாடினார்கள். இம்மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டுக் கேட்டால் நேயரே எடைபோடுவார். லஸ்கரின்கள் தங்கள் பக்கத்தை எழுதிவைக்கவில்லை. பறங்கிக்குத் துரோகி, கண்டிக்கு வீரன் என்ற இரண்டுக்கும் நடுவே, நிலத்துக்காகச் சேவகம் செய்து, தன் இனத்து ஊர்களைத் தானே எரித்து வந்த ஒரு மனிதன் இருந்தான். அவனுக்குக் கற்பனை வசனம் எழுதுவதைவிட, எந்தச் சட்டங்கள் அவனைப் போருக்கு இழுத்துவந்தன என்று விளக்குவது நேர்மை. எரிந்த பதுளையின் குடிகளுக்கும் அப்படியே.

மற்றதெல்லாம் களத்திலேயே கிடைக்கும். பதுளையிலிருந்து மலை இறங்கி வெல்லவாய வரும் வழியின் செங்குத்து, கிரிந்தி ஓயாவின் ஓசை, ஆகஸ்ட் மாதக் காற்று எதையும் கலையகத்தில் உண்டாக்க வேண்டியதில்லை. திரித்துப்பாக்கி எப்படி இயங்கியது, மழையில் ஏன் செத்தது என்பதை வானொலியிலும் ஐந்து நிமிடத்தில் விளங்கச் சொல்லலாம். 2030 ஆகஸ்ட் 25இல் ரந்தெனிவெலப் போருக்கு 400 ஆண்டுகள் நிறைகின்றன. ஏடுகளைப் படித்து, ஊரில் தங்கி, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் ஒலிக்கும் தொடர் ஒன்றைத் தயாரிக்க அதுவரையுள்ள காலம் போதும்.