உங்களுக்குத் தெரியுமா? இறந்த பிறகு வரும் பில்

அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம் மெடிக்கெய்டு. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒருவருக்காக அது செலவழித்த பணத்தை, அவர் இறந்ததும் அவருடைய சொத்திலிருந்து அரசு திரும்பக் கேட்கும்!

• உதவிக்கு விண்ணப்பிக்கும்போது குடியிருக்கும் வீட்டைப் பெரும்பாலும் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. உயிரோடு இருக்கும்வரை வீடு பத்திரம். ஆனால் இறந்தபின் அரசின் கை முதலில் நீளுவது அந்த வீட்டை நோக்கித்தான்.

• 1993-ல் வந்த மத்திய சட்டம் இந்த வசூலை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. 55 வயதுக்குப் பிறகு பெற்ற நீண்டகாலப் பராமரிப்புக்கு இது பொருந்தும். வீட்டிலேயே பெற்ற பராமரிப்பும் இதில் சேரும்.

• கணவனோ மனைவியோ உயிரோடு இருந்தால் வசூல் கிடையாது. 21 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தாலும், பார்வையற்ற அல்லது மாற்றுத்திறனாளிப் பிள்ளை எந்த வயதில் இருந்தாலும் அப்படியே.

• வசூல் சொத்திலிருந்து மட்டுமே. பிள்ளைகள் தங்கள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

• இத்தனை குடும்பங்களைக் கலங்கவைத்தும் அரசுக்குக் கிடைப்பது சொற்பம்: மெடிக்கெய்டின் மொத்தச் செலவில் ஒரு சதவீதம்கூட இல்லை. வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத குடும்பங்களுக்கு இது அநியாயம்தான். கட்டாயத்தை நீக்கி, மாநிலங்களின் விருப்பத்துக்கு விடலாம் என்று நாடாளுமன்றத்தின் ஆலோசனைக் குழுவே 2021-ல் பரிந்துரைத்தது.

• வசூலால் குடும்பம் கடும் சிரமத்துக்கு ஆளாகும் என்றால் விலக்குக் கேட்கலாம். அங்கே பெற்றோர் உள்ளவர்கள், நோட்டீஸ் வந்ததும் கெடுவுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.