குறைவாக ஓடிய டீசல் கார் நல்ல கார்தானா?

செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரங்களில் விலையை ஏற்றிக் காட்டும் வாசகங்கள் இரண்டு: 'சிங்கிள் ஓனர்', 'குறைந்த கிலோமீட்டர்'. பெட்ரோல் காருக்கு இரண்டுமே நியாயமான பெருமைகள்தான். டீசல் கார், அதிலும் 2020க்குப் பிறகு வந்த டீசல் கார் என்றால், இரண்டாவது வாசகத்தைக் கண்டதும் மகிழ்ச்சியடையாமல் கேள்வி கேட்க வேண்டும். ஐந்து ஆண்டில் 22 ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டி பெரும்பாலும் பள்ளிக்கூடம், மார்க்கெட், பக்கத்து அலுவலகம் என்று நாலைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே சுற்றியிருக்கும். அதே ஐந்து ஆண்டில் 95 ஆயிரம் ஓடிய வண்டி அதில் பெரும்பகுதியை நெடுஞ்சாலையில்தான் ஓடியிருக்க முடியும். சர்வீஸ் ஒழுங்காக நடந்திருந்தால், இந்த இரண்டில் இரண்டாவதை வாங்குவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. ஆரோக்கியமான டீசல் எஞ்சின் நீண்ட ஓட்டத்தால் கெடுவதைவிடக் குட்டை ஓட்டத்தால் கெடுவதே அதிகம்.

காரணம் சைலன்சர் பாதையில் இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. புகையில் போகும் நுண்ணிய கரித்துகளைப் பிடித்து வைக்க, டீசல் கார்களில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி வந்தது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்த்தாக வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏற வேண்டும்; அந்த வெப்பம் பதினைந்து, இருபது நிமிடம் நிலைக்கவும் வேண்டும். வெப்பத்தை ஏற்ற எஞ்சினே கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்துக்கொள்ளும். திருச்சி சாலையில் எண்பதில் போகும் வண்டிக்கு இது ஓட்டுநருக்கே தெரியாமல் நடந்து முடிந்துவிடும். தினமும் பத்து நிமிடம் ஓடி அணைக்கப்படும் வண்டியிலோ, எரிப்பு தொடங்கும்போதே சாவி திருப்பப்படுகிறது. கரி அப்படியே தங்கும். கூடுதலாகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஆயிலில்தான், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டு சுற்ற வேண்டும். புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்விலும் இதே குளிர்ந்த ஓட்டத்தால் கரி அப்பிக்கொள்ளும். மீட்டரில் எண் குறைவாக இருக்கும். உள்ளே வயது கூடியிருக்கும்.

"அப்படியானால் 2020க்கு முந்தைய வண்டியை வாங்கிவிட்டால் வடிகட்டித் தொல்லையே இல்லையே" என்று கேட்கலாம். பாதி சரி. பழைய பி.எஸ்.4 டீசல் கார்களில் பெரும்பாலானவற்றில் டி.பி.எஃப். கிடையாது, ஊருக்குள் ஓடுவதை அவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா முதல் டாடா இண்டிகா விஸ்டா வரை பொருத்தப்பட்ட ஃபியட்டின் 1.3 லிட்டர் எஞ்சினைத் திறக்கத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் அபூர்வம். 2005 முதல் 2016 வரை விற்ற பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் எஞ்சின் மீது டாக்ஸி ஓட்டுநர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததல்ல. ஆனால் மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டுவிட்டது; ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஆகவே அந்த வண்டிகளில் மிக இளையதற்கே இப்போது வயது கணிசமாகிவிட்டது. பதிவுக்காலம் 15 ஆண்டுதான். அதற்குப் பிறகு எஃப்.சி. எடுத்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு வயது வண்டியின் மலிவு விலையில் அந்த மூன்று ஆண்டுக் கெடுவும் அடங்கியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: "டீசல் மலிவு, மைலேஜ் அதிகம். கொஞ்சம் ரிப்பேர் வந்தாலும் மிச்சம்தானே?" ஒரு காலத்தில் இது மறுக்க முடியாத கணக்கு. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் கிடைத்தது. அந்த நிதியாண்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசலாக இருந்ததில் வியப்பில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. இடைவெளி சுருங்கிச் சுருங்கி, பத்து ரூபாய்க்கும் கீழே வந்தது. புதிய கார் விற்பனையில் டீசலின் பங்கும் ஐந்தில் ஒன்றுக்குக் கீழே போய்விட்டது. பெட்ரோல் 100 ரூபாய், மைலேஜ் 14. டீசல் 92 ரூபாய், மைலேஜ் 18 என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குக் கிடைக்கும் மிச்சம் ஏறக்குறைய இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 20 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு 40 ஆயிரம் ரூபாய் மிஞ்சும். அது பெரிய தொகை. ஆறாயிரம் ஓட்டும் குடும்பத்துக்கு 12 ஆயிரம். டீசல் வண்டிக்கு ஆரம்பத்தில் கொடுத்த கூடுதல் விலை, கூடுதல் சர்வீஸ் செலவு இவற்றிலேயே அது கரைந்துவிடும். இன்றைய காமன் ரயில் டீசல் எஞ்சினில் எரிபொருள் 1,600 பாருக்கு மேல் அழுத்தத்தில் பாய்கிறது. கார் டயரில் இருப்பது சுமார் இரண்டு பார். அந்த அழுத்தத்தைத் தாங்கும் இன்ஜெக்டரும் பம்பும் மாற்ற நேர்ந்தால், பல ஆண்டு மிச்சத்தை ஒரே பில் விழுங்கிவிடும்.

ஆகவே வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது, வண்டி எவ்வளவு ஓடியது என்பதோடு எங்கே ஓடியது என்பதும். மீட்டரை நம்பி அதைச் சொல்ல முடியாது. மீட்டரைப் பின்னுக்குத் திருப்பித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நல்ல சாட்சி ஒன்று இருந்தும் பலர் கேட்பதில்லை: ஃபாஸ்டேக் கணக்கு. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். உரிமையாளர் தன் கணக்கைத் திறந்து காட்டினால், பரனூரும் விக்கிரவாண்டியும் மாதத்தில் எத்தனை முறை வருகின்றன என்பது தேதியோடு தெரியும். அடுத்தது டயர். ஓரத்தில் சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மீட்டர் 28 ஆயிரம் காட்டும் காரில் நான்கு டயரும் வண்டியைவிட மூன்று ஆண்டு இளையவை என்றால், முதல் செட் எப்படித் தேய்ந்தது என்று கேட்கத்தான் வேண்டும். சர்வீஸ் பில்லில் தேதிக்கும் கிலோமீட்டருக்கும் உள்ள பொருத்தத்தோடு ஆயிலின் தரத்தையும் பாருங்கள். வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். மலிவான ஆயில் விடும் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், பானட்டில் கை வைத்தாலே தெரியும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். டீசல் எஞ்சினில் ஆயில் கறுத்திருப்பது இயல்பு. மேல் கோட்டையும் தாண்டி நின்று, டீசல் வாடை அடித்தால் அது நாம் மேலே பார்த்த கலப்படம். பிறகு சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தேயுங்கள். டி.பி.எஃப். ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். மை போலக் கரி ஒட்டினால், வடிகட்டி வெடித்திருக்கலாம், அல்லது அதைக் கழற்றியே எறிந்திருக்கலாம். கடைசியாக, ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப்போங்கள். வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது, கடைசி எரிப்புக்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பல கார்களின் கணினி அப்படியே சொல்லிவிடும். காரின் விலையோடு ஒப்பிட்டால் இது சொற்பச் செலவு.

வடிகட்டியைக் கழற்றிவிட்டால் தொல்லை ஒழியும், மைலேஜும் கூடும் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். அது சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒரு பக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிடக் காத்திருக்கும் வண்டியின் புகை, பக்கத்தில் சைக்கிளில் நிற்கும் இன்னொரு பிள்ளையின் நுரையீரலுக்குத்தான் போகிறது. ஊருக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர் டீசலை வாங்கிவிட்டு வடிகட்டியைக் குறை சொல்வதைவிட, பெட்ரோலையோ சி.என்.ஜி.யையோ வாங்கிவிடலாம்.

டெல்லிப் பதிவு கார்கள் மலிவாக வருவதற்கும் காரணம் தெரிந்ததே. பத்து ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் அங்கே தடை விதித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அத்தகைய தடை இல்லை. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, பதிவு எண்ணை மாற்றி முடிப்பதற்குள் மலிவில் பெரும்பங்கு போய்விடும். நெரிசலில் ஊர்ந்தே வளர்ந்த எஞ்சின்தான் கைக்கு மிஞ்சும்.

இவ்வளவும் சொல்லிவிட்டதால் டீசலே வேண்டாம் என்று பொருளில்லை. சென்னையில் வேலை, மதுரையில் பெற்றோர் என்று மாதம் இரண்டு முறை போய்வரும் குடும்பத்துக்கு, அந்தப் பயணங்களிலேயே ஆண்டுக்கு 20 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிடும். வார நாட்களில் வண்டி ஊருக்குள் ஓடினாலும், ஒவ்வொரு பயணத்திலும் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஏழு பேரும் மூட்டைகளும் ஏறி, ஏ.சி. ஓட, கொடைக்கானல் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும் திறனை அந்த விலைக்குப் பெட்ரோல் காரில் பெறுவது கடினம். இப்படிப்பட்டவர்கள் லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் காரைத் தயங்காமல் போய்ப் பார்க்கலாம். மீட்டரில் எண் பெரிதாக இருப்பதால் விலையும் இறங்கித்தான் இருக்கும்.