ஓவியத்தின் மறுபாதி

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலிருந்து நவீன ஓவியங்களுக்கான ஒரு நூதனசாலைக்குப் போவதென்றால் கொழும்புக்குத்தான் போகவேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இலங்கையின் நவீன, சமகாலக் கலைக்கென அங்கே 2019 டிசெம்பரில் ஒரு நூதனசாலை திறந்தார்கள். அதன் முதற் கண்காட்சிக்குத் தலைப்பு வந்ததே கவிஞர் சேரனின் கவிதையொன்றிலிருந்துதான். படைப்புகளின் அருகே தமிழிலும் விளக்கக் குறிப்புகள் உண்டு. அவ்வளவு தூரம் போனவர்களில் பலர், படத்தின் முன் நின்ற மறுகணமே "இது என்ன?" என்று அந்தக் குறிப்பைத்தான் தேடுவார்கள். கொஞ்சம் பொறுக்கலாம். விடையில் ஒரு பாதியை அவர்கள் ஊரிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார்கள்.

கண்ணும் மூளையும் வேலைசெய்யும் முறை அப்படி. கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தினால் அதன் நகம் மறைக்கும் அளவு இடம்தான் நமக்குத் துல்லியமாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் மங்கல். ஆகவே விழி நொடிக்கு மூன்று நான்கு தடவை தாவித் தாவித் துண்டுகளைப் பொறுக்குகிறது. முழு ஓவியமாக அவற்றைக் கோப்பது மூளை. எங்கே தாவுவது என்பதைத் தீர்மானிப்பதில் நம் மனதில் இருக்கும் கேள்விக்குப் பெரும் பங்குண்டு. 1960களில் சோவியத் ஆய்வாளர் அல்பிரட் யார்பஸ், இலியா ரேப்பினின் ஓவியமொன்றைக் காட்டி விழியின் பாதையைப் பதிவுசெய்தார். நாடுகடத்தப்பட்டிருந்த ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழையும் காட்சி அது. "இவர்களுக்கு எத்தனை வயது?" என்று கேட்டபோது பார்வை முகங்களைச் சுற்றியது. "இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி?" என்றபோது அதே ஆளின் பார்வை தளபாடங்களுக்கும் உடைகளுக்கும் போனது. ஓவியம் ஒன்றுதான், கண் நடந்த வழிகள் வேறு.

நவீன ஓவியம் இன்னுமொரு படி போகிறது. அடையாளம் காணக்கூடிய உருவத்தைக் குறைத்துவிடுகிறது, சில வேளை முற்றாக எடுத்துவிடுகிறது. நினைவு மூளையில் பதியும் விதத்தை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற எரிக் கண்டெல் இதைப்பற்றி எழுதியிருக்கிறார்: கண் தரும் தகவல் குறையும்போது, பார்ப்பவரின் நினைவும் உணர்ச்சியும் அந்த இடத்தை நிரப்பக் கூடுதலாக உழைக்கின்றன. வெறும் செம்பழுப்பு நிறப் பரப்பு ஒன்று. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வளர்ந்தவருக்கு அதில் வெங்காயம் நடக் கொத்திவிட்ட தோட்டம் எழலாம். காலியில் வளர்ந்தவருக்குப் பழைய ஓட்டுக் கூரைகள் எழலாம். இருவரும் பொய் சொல்லவில்லை.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது 2012 இல் நியூயோர்க்கில் எட்வர்ட் வெஸ்ஸலும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. 16 பேருக்கு 109 ஓவியங்களைக் காட்டி, எது எவ்வளவு மனதைத் தொட்டது என்று மதிப்பிடச் சொன்னார்கள். மூளையையும் ஸ்கான் செய்தார்கள். ஒருவர் விருப்பமும் மற்றவர் விருப்பமும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் மிக உயர்ந்த மதிப்பைப் பெற்ற ஓவியங்களின்போது மட்டும், நாம் நம்மைப்பற்றியே சிந்திக்கும் வேளைகளில் இயங்கும் மூளை வலையமைப்பும் சேர்ந்து இயங்கியது. பரவாயில்லை என்ற அளவில் பிடித்த படங்களுக்கு அது அசையவில்லை.

தா. சனாதனனின் "முடிவுறாத தோம்பு" நூலை (2011) நினைக்கும்போது இந்த முடிவு எனக்கு இன்னும் நெருக்கமாகிறது. தோம்பு என்பது அந்நியர் ஆட்சிக்காலக் காணிப் பதிவேடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் இந்த ஓவியர், இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்களைக் கொண்டு அவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறவைத்தார். அதனோடு கட்டடக்கலை முறையில் திருத்திய வரைபடமும், தாம் தீட்டிய பாஸ்டல் ஓவியமும் சேர்த்தார். வரைபடத்தில் இருப்பது சில கோடுகள். 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் வலிகாமத்தை விட்டு நடந்த சனத்தில் ஒருவர் அதைப் பார்த்தால், கீறாத படலையும் கீறாத கிணற்றடியும் அவருக்குத் தெரியும். அந்த நினைவு இல்லாத ஒருவருக்கு முதலில் தெரிவது சதுரங்கள்; கதையை அறிந்தபின் தன் வீட்டை அவற்றில் வைத்துப் பார்ப்பார்.

அப்படியானால் எதைச் சொன்னாலும் சரியா? இல்லை. 2011 இல் ஏஞ்சலினா ஹோலி-டோலனும் எலன் வின்னரும் அரூப ஓவியர்களின் படங்களையும், குழந்தைகளும் விலங்குகளும் தீட்டிய அவற்றையொத்த படங்களையும் சோடி சோடியாகக் காட்டினார்கள். யார் தீட்டியது என்ற குறிப்புகளை மாற்றி ஒட்டியபோதுகூட, கலை படிக்காதவர்களும் தற்செயலுக்கு மேலான அளவில் ஓவியரின் படத்தையே சிறந்ததெனத் தேர்ந்தார்கள். தூரிகைக்குப் பின்னால் ஒரு மனம் தீர்மானித்திருப்பது பார்ப்பவருக்குப் புலப்படுகிறது. ஆகவே நம் வாசிப்பு அந்தத் தீர்மானங்களுக்குக் கட்டுப்பட்டது. சோகம் தெரிகிறதென்றால் எந்தக் கோட்டில், எந்த நிறத்தில் என்று காட்ட முடியவேண்டும்.

காட்டுவதற்கு நேரம் வேண்டும். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் 150 பேரைக் கவனித்து 2001 இல் வெளியான கணக்கின்படி, ஓர் ஓவியத்தின் முன் ஒருவர் நின்றது சராசரியாக 27 நொடிகள். பாதிப்பேர் 17 நொடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். கொழும்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் சித்திரபாட ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: பத்துப் படங்களை விட்டுவிட்டு ஒன்றின் முன் பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிவதைச் சொல்லட்டும், எந்த இடத்தில் தெரிகிறதென்று காட்டட்டும். குறிப்பை அதற்குப் பிறகு வாசித்துவிட்டு, திரும்பவும் படத்துக்கே வரச்சொல்லுங்கள். இம்முறை கேள்வி மாறியிருக்கும். கண் வேறு வழியால் போகும்.