நிரலின் நீளமும் சிக்கலும்

தேர்வுக் கட்டணம் பெறும் இணையச் செயலியின் நிரலில், செயற்கூறு ஒன்று நூறு வரி நீண்டிருப்பதாகக் கொள்வோம். நீளம் மட்டுமே குற்றமாகாது. நேரான சாலை நீண்டாலும் வழி தவறாது. சந்துகள் பல பிரியும் தெருவே திகைப்பூட்டும். ஆதலின் வரிகளோடு கிளைகளையும் எண்ணுதல் வேண்டும்.

1976-இல் தாமஸ் மெக்கேப் என்னும் அமெரிக்கர் இதற்கோர் அளவை வகுத்தார். வழி பிரியும் இடங்களை எண்ணி, ஒன்றைக் கூட்டுக. ‘சலுகை உண்டா?’, ‘நாள் கடந்ததா?’ என இருமுறை வினவும் செயற்கூற்றின் அளவு 3. அத்தனை தனிவழிகளையும் சோதித்தல் வேண்டும். சோதியாத கிளையில் பிழை ஒளிந்திருப்பின், ஏழை மாணவன் தன் சலுகையை இழப்பான்.

அளவு 10-ஐத் தாண்டலாகாது என்பது அவர் கருத்து. தாண்டின், சிறு கூறுகளாகப் பிரித்துத் தொழிலுக்கேற்ற பெயரிடுக. பத்திக்கு ஒரு கருத்து என்று கட்டுரைக்கு நான் வகுப்பில் கூறிவந்த விதி, நிரலுக்கும் பொருந்தும்.