ஏரி வற்றினால் வழியும் வற்றும்



தோட்டத்தில் இரண்டு மூன்று வாரம் மழை இல்லாவிட்டால் அது முதலில் தெரிவது நம் வீட்டுக் குழாயில்தான். தண்ணீர் நூலாக வடியும். வாசலில் வாளிகள் வரிசையாக நிற்கும். செம்மண் சாலையில் லாரி போனால் துணி காயப்போட்டவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் எவ்வளவு கொடிய வறட்சி வந்தாலும் அந்தச் செம்மண் சாலை மறைந்து போவதில்லை. லாரி வரும், பள்ளிப் பேருந்து வரும், அவசரத்திற்கு மருத்துவமனை வண்டியும் வரும்.

சாலையே தண்ணீராக இருக்கும் ஊரில் வறட்சி வந்தால் என்ன ஆகும்? இன்றைய பேச்சில் அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம். அதற்காக நாம் போகும் இடம் தென் அமெரிக்காவின் பிரேசில் நாடு. தொலைவான நாடுதான். ஆனாலும் அதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் பாட்டன் பாட்டி விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய பால்மரத்தின் தாய்வீடு அதுதான்.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர், அமேசானில் கலக்கும் தபாஜோஸ் ஆற்றங்கரைக் காட்டிலிருந்து ரப்பர் விதைகளைத் திரட்டிக் கப்பலில் லண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே கியூ தோட்டத்தில் அவை முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பிறகுதான் மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன; அந்தத் தோட்டங்களுக்காக நம் முன்னோர் கப்பலேறினார்கள். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. என்றாலும் நம் குடும்பங்களின் கதை அமேசான் காட்டு விதையிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த அமேசான் காட்டின் நடுவே தெஃபே என்று ஓர் ஊர் இருக்கிறது. அதே பெயர் கொண்ட பெரிய ஏரியின் கரையில் அது அமைந்துள்ளது. மாநிலத் தலைநகரான மனாவுஸிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலை கிடையாது. வானூர்தியில் போகலாம், அதற்குப் பணம் வேண்டும். ஏழை எளியவர்கள் படகில்தான் போகவேண்டும். பெரிய படகுகளில் வரிசையாகத் தொங்கும் தூளிகளில் பயணிகள் படுத்துக்கொண்டே பயணம் செய்வார்கள்.

ஏரியைச் சுற்றிய சிற்றூர்களுக்கும் இதே நிலைதான். மீன் பிடிக்கப் படகு. மரவள்ளி மாவையும் வாழைக்குலையையும் சந்தைக்குக் கொண்டுபோகப் படகு. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லப் படகு. பிரசவ வலி கண்டவளை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் படகுதான். நமக்கு மோட்டார் சைக்கிள் எப்படியோ அப்படி அவர்களுக்கு ஒரு சிறு படகு. நீண்ட தண்டின் நுனியில் விசிறி பொருத்திய சிறிய இயந்திரம் அதன் பின்புறத்தில் இருக்கும்.

இந்த ஏரி எவ்வாறு நிறைகிறது, எவ்வாறு குறைகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தெஃபே ஏரி பெரிய ஆற்றோடு வாய் திறந்து கிடக்கும் ஏரி. ஆறு ஏறினால் ஏரியும் ஏறும். ஆறு இறங்கினால் ஏரியும் இறங்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத வாக்கில் நீர் உச்சத்தில் இருக்கும். அக்டோபர் வாக்கில் மிகவும் தாழ்ந்திருக்கும். இந்த ஏற்ற இறக்கம் 10 மீட்டர் அளவுக்குக்கூட இருக்கும். அதனால்தான் அங்குள்ளவர்கள் வீடுகளை உயரமான கால்களின் மேல் கட்டுகிறார்கள். சிலர் பெரிய மரக்கட்டைகளின் மேல் மிதக்கும் வீடு கட்டி, நீரோடு ஏறி நீரோடு இறங்கி வாழ்கிறார்கள். ஆகவே நீர் குறைவது அவர்களுக்குப் புதிதன்று. அளவுக்கு மீறிக் குறைவதுதான் புதிது.

மனாவுஸ் துறைமுகத்தில் 1902ஆம் ஆண்டு முதல் ஆற்றின் நீர்மட்டத்தைக் குறித்து வருகிறார்கள். அங்கே குறிக்கப்படும் எண் ஆற்றின் ஆழம் அன்று; ஓர் அளவுகோலில் நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்பதே. 2021 ஜூன் மாதத்தில் அது 30.02 மீட்டரைத் தொட்டது. அதுவரை கண்டிராத வெள்ளம் அது. இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. 2023 அக்டோபரில் 12.70 மீட்டருக்கு இறங்கியது. அதுவரை கண்டிராத வறட்சி. 2024 அக்டோபரில் இன்னும் இறங்கி 12.11 மீட்டருக்கு வந்தது. 30 மீட்டருக்கும் 12 மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது!

இவ்வாறு நீர் இறங்கும்போது படகுக்காரருக்கு நேரும் இடர்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, படகு மிதப்பதற்கே ஓர் ஆழம் வேண்டும். சுமை ஏற ஏறப் படகு கீழே அமிழும். ஒரு மீட்டர் அமிழும் படகு அரை மீட்டர்த் தண்ணீரில் போக முடியாது. ஆகவே ஏரி வற்றும்போது முதலில் நிற்பவை பெரிய படகுகள். அரிசி, எரிவாயு, மருந்து ஆகியவற்றை மொத்தமாக ஏற்றி வருபவை அவைதாம். பிறகு அதே பொருளைச் சிறு படகுகளில் பிரித்துப் பிரித்து ஏற்றவேண்டும். ஒரு நடைக்குப் பதில் பத்து நடை. எண்ணெய்ச் செலவு கூடும்; கூலி கூடும்; கடையில் விலையும் கூடும். அந்த விலையைக் கொடுக்கப் போவது யார்? வருமானமே குறைந்துபோன மீனவர் குடும்பந்தான்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. நீர் நிறைந்திருக்கும்போது ஆழத்தில் கிடந்த மணல்மேடும் பட்ட மரக்கட்டையும் இப்போது நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் கீழே இருக்கும். விசிறி அதில் மோதினால் உடையும். படகின் அடிப்பலகை பிளந்தாலும் பிளக்கும். ஏரி நீரை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் இயந்திரமானால், நீரோடு சேற்றையும் உறிஞ்சி அடைத்துக்கொண்டு சூடேறி நின்றுவிடும். முப்பது ஆண்டு ஓட்டிய படகோட்டிக்கும் அந்த ஆண்டில் ஏரி புதிய ஏரிதான். அவர் மனத்தில் வைத்திருந்த வழியெல்லாம் மாறிவிட்டது.

மூன்றாவது, தரைதட்டிய படகு. காலையில் கட்டிவிட்டுப் போன படகு சில நாளில் சேற்றின் மேல் சாய்ந்து கிடக்கும். மரப்படகு வெயிலில் உலர்ந்தால் பலகைகள் சுருங்கி இணைப்புகள் விலகும். மறுபடி தண்ணீர் வரும்போது அந்த இடைவெளிகளின் வழியே நீர் உள்ளே புகும். மனாவுஸ் அருகே புராக்கெக்குவாரா ஏரியில் மிதக்கும் வீடுகளும் கடைகளும் படகுகளும் இப்படித்தான் காய்ந்த சேற்றில் உட்கார்ந்துவிட்டன.

நான்காவது, நடை. கரை இருந்த இடத்தில் கரை இல்லை. தண்ணீரைத் தேடி மணலிலும் சேற்றிலும் வெகுதூரம் நடக்கவேண்டும். குடிநீர்க் குடத்தைச் சுமப்பவர் யார், நோயாளியைத் தூக்குபவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் அந்தத் துன்பம் புரியும்.

ஆசிரியர் என்ற முறையில் ஒரு செய்தி நம் மனத்தை உறுத்துகிறது. 2024ஆம் ஆண்டு வறட்சியில் பிரேசிலின் அமேசான் பகுதியில் மட்டும் 1,700க்கும் அதிகமான பள்ளிகளும் 760க்கும் அதிகமான மருந்தகங்களும் மூடப்பட்டன அல்லது சென்றடைய முடியாத நிலைக்கு ஆளாயின என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் அமைப்பான யூனிசெப் தெரிவித்தது. பள்ளிக் கட்டடம் இடியவில்லை. ஆசிரியரும் இருந்தார், பிள்ளைகளும் இருந்தார்கள். இடையில் இருந்த வழிதான் வற்றிப்போயிற்று. பள்ளிப் பேருந்து நான்கு நாள் வராவிட்டால் நம் பிள்ளைகளின் படிப்பு எவ்வளவு பின்தங்குகிறது என்பதை நாம் அறிவோம். அங்கே அது வாரக்கணக்கில் நீண்டது.

மனிதருக்கு இந்த நிலை என்றால் நீர்வாழ் உயிர்களுக்கு? ஆழமற்ற நீர் விரைவில் சூடாகும். சட்டியில் கொஞ்சம் தண்ணீர் வைத்தால் சீக்கிரம் கொதிப்பதைப் போலத்தான். 2023 செப்டம்பர் இறுதியில் தெஃபே ஏரியின் நீர் 39 பாகை செல்சியஸையும் தாண்டிச் சுட்டது. நம் உடல் வெப்பமே 37 பாகைதான். அந்நாட்களில் அந்த ஏரியில் மட்டும் 150க்கும் அதிகமான நன்னீர் ஓங்கில்கள் இறந்து மிதந்தன. இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும் அரிய விலங்குகள் அவற்றுள் பல. மீன்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும் என்பதும் ஒரு காரணம். படகு போக முடிந்த இடத்திலும் பிடிக்க மீன் இல்லை. குடிக்க நல்ல நீரும் இல்லை.

இவ்வளவுக்கும் காரணம் என்ன? பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் நிலையை எல் நினோ என்கிறார்கள். 2023இல் அது வந்தது. அட்லாண்டிக் கடலின் வடபகுதியும் அதே வேளையில் சூடாக இருந்தது. இவ்விரண்டும் அமேசானின் மழையைக் குறைப்பவை. இவற்றோடு புவி முழுவதும் வெப்பமடைந்து வருகிறது. மழை குறைந்ததில் எல் நினோவுக்கும் புவி வெப்பத்திற்கும் ஏறக்குறையச் சமமான பங்கு உண்டு என்றும், நிலத்தின் ஈரம் வெயிலில் உலர்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால் புவி வெப்பமே முதன்மைக் காரணம் என்றும் ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2024 ஜனவரியில் கூறினார்கள். காடழிப்பும் கேடு செய்கிறது. மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே காற்றுக்குத் தருகிறது. அதுவே மேகமாகி மறுபடி மழையாகிறது. மரத்தை வெட்டினால் மழையின் ஒரு பங்கையும் சேர்த்தே வெட்டுகிறோம்.

எல் நினோ நம் நாட்டுக்கும் அந்நியமன்று. 1998ஆம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததற்கு முந்திய ஆண்டில் தொடங்கியதும் ஓர் எல் நினோதான். நம் செம்பனையும் வறட்சியை மறப்பதில்லை. மழை தவறிப் பல மாதம் சென்ற பிறகே குலை குறைவது தெரியும். குலை குறைந்தால் நம் வீட்டு வருமானமும் குறையும்.

அமேசான் மக்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. 2023இன் துன்பத்திற்குப் பின், 2024இல் நீர் முழுதும் இறங்கும் முன்பே உணவு, குடிநீர், மருந்து ஆகியவற்றைச் சேமித்து வைக்கும்படி அங்குள்ள அதிகாரிகள் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். நீர் இருக்கும்போதே நீர் இல்லாத நாளை நினைப்பதுதான் அந்தப் பாடம். நம் வீட்டில் கூரை நீரைப் பிடித்து மூடிய தொட்டியில் வைக்கலாம். தினமும் மருந்து உண்ணும் பெரியவர் இருந்தால் சில வாரத்திற்குரிய மருந்தைக் கையிருப்பில் வைக்கலாம்.

இன்னொன்று. பள்ளி விடுமுறையில் தெமெங்கோர், கென்யிர் போன்ற ஏரிகளுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறீர்கள். அவை அணைகட்டிக் காட்டை மூழ்கடித்து உண்டான ஏரிகள். நீருக்கடியில் பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. நீர் தாழ்ந்திருக்கும் காலத்தில் படகேறினால் மிதவைச் சட்டையை எல்லாரும் அணியுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் அணிவியுங்கள். வேகமாக ஓட்டச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். இருட்டும் முன் கரை சேருங்கள். காய்ந்ததுபோல் தோன்றும் சேற்றில் இறங்காதீர்கள். மேலே ஓடு கட்டியிருந்தாலும் அடியில் இடுப்பளவு புதையும்.

அடுத்த முறை குழாயில் தண்ணீர் நூலாக வடியும்போது, பால்மரத்தின் தாய்வீட்டில் காய்ந்த சேற்றில் படகை இழுத்துக்கொண்டு நடந்த ஒரு தகப்பனையும், பள்ளிப் படகுக்காகக் கரையில் காத்திருந்த ஒரு சிறுமியையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அவர்களுடைய மழையும் நம்முடைய மழையும் ஒரே வானத்திலிருந்துதான் வருகின்றன.