மகனுக்குத் திடீர் வயிற்றுவலியா? கீழேயும் வலிக்கிறதா என்று கேளுங்கள்

நள்ளிரவு. 14 வயது மகன் தூக்கத்திலிருந்து எழுந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறான். இரண்டு முறை வாந்தியும் எடுத்துவிட்டான். "சூட்டு வலியா இருக்கும்" என்று அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுகிறார். அப்பா ஒரு பனடோல் கொடுக்கிறார். காலையில் கிளினிக் திறந்ததும் போகலாம் என்று முடிவாகிறது.

நம் வீடுகளில் இயல்பாக நடப்பதுதான். ஆனால், விதை முறுக்கிக்கொண்டாலும் பையன்களுக்கு இப்படி வலிக்கும். அப்படியானால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

வயிற்றிலிருந்து இறங்கிய உறுப்பு

கருவில் இருக்கும்போது விதைகள் இரண்டும் வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்கு அருகில்தான் உருவாகின்றன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், தொடை இடுக்கில் உள்ள குறுகிய பாதை வழியாக விதைப்பைக்கு இறங்குகின்றன. விந்தணு உற்பத்திக்கு உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான வெப்பம் வேண்டும். அதனால்தான் அவற்றுக்கு வெளியே இடம்.

இறங்கும்போது ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கூடவே வருகின்றன. இவையும் விந்துக் குழாயும் சேர்ந்த கயிறு போன்ற தண்டில்தான் ஒவ்வொரு விதையும் தொங்குகிறது. நரம்பின் தொடக்கம் மேலே இருப்பதால், விதையில் ஏற்படும் வலி அடிவயிற்றிலும் தெரிகிறது.

முறுக்கினால் என்ன ஆகும்?

சிலருக்குப் பிறவியிலேயே விதை, பையின் சுவரோடு சரியாக ஒட்டாமல் மணியின் நாக்குபோல் ஆடும். அது சுழன்றால் தண்டு முறுக்கி, ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஃபுட்சால் ஆடிய பிறகும் வரலாம், தூக்கத்திலும் வரலாம். 12 முதல் 18 வயதுக்குள் அதிகம் காணப்படுகிறது.

வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்த்தால், பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். 24 மணி நேரம் கடந்தால் பெரும்பாலும் இழக்க நேரிடும்.

கவனிக்க வேண்டியவை

ஒரு பக்க விதையில் திடீர்க் கடும் வலி, வீக்கம், வாந்தி, ஒரு விதை வழக்கத்தைவிட மேலே ஏறியிருப்பது ஆகியவை முக்கிய அறிகுறிகள். சாதாரணமாகவே ஒன்று சற்றுத் தாழ்ந்திருக்கும். அதற்குப் பயம் வேண்டாம். வலி தானாக நின்றுபோனாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அவிழ்ந்த முறுக்கு மறுபடியும் விழலாம்.

உடனே செய்ய வேண்டியவை

அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகச் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 999. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், வழியில் சாப்பாடோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சையில் முறுக்கை அவிழ்த்து, மீண்டும் சுழலாதபடி இரு விதைகளையும் தையலிட்டு நிறுத்துவார்கள். ஒன்றை இழக்க நேர்ந்தாலும், மற்றது நலமாக இருந்தால் பொதுவாகத் தந்தையாக முடியும்.

பையன்கள் வெட்கத்தால் "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொல்வார்கள். அப்பாவோ மாமாவோ தனியாக அழைத்து, "கீழேயும் வலிக்குதாய்யா?" என்று கேளுங்கள். அங்கே வலித்தால் எந்த நேரமானாலும் எழுப்பிச் சொல்ல வேண்டும் என்பதை இன்றே அவனிடம் சொல்லிவையுங்கள்.